ஒரு வைர ப்ரோச்சும் பதினெட்டரை வருஷமும்

ஆபீஸ் போக ஒண்ணேகால் மணி நேரம், திரும்பி வர ஒண்ணரை மணி நேரம். இந்த ரெண்டே முக்கால் மணி நேரத்தை என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் ஆடியோ புக் கேட்க ஆரம்பிச்சேன். முதல்ல தன்னம்பிக்கை வகையறா. மூணாவது நாளே தூக்கம். அப்புறம் ஒரு அமெரிக்க கோர்ட் த்ரில்லர் மாட்டிச்சு. கொலைக் குற்றத்துக்காக உள்ள இருக்கிற ஒருத்தன், அவன் நிஜமாவே பண்ணினானான்னு தோண்டற ஒரு வக்கீல். கணேஷ்-வசந்த் படிச்சு வளர்ந்தவனுக்கு இது போதாதா? நாலு நாள்ல முடிச்சுட்டேன். கடைசி அத்தியாயம் ஓடும்போது வண்டி ஆபீஸ் வாசல்ல நின்னுடுச்சு. இறங்காம பார்க்கிங்ல உக்காந்து கேட்டு முடிச்சேன்.

ஆனா ஒரு விஷயம் உறுத்திச்சு. கதையில எல்லாமே ரொம்ப சரியா நடக்குது. ஒரே ஒரு காகிதம் கிடைக்குது, சாட்சி கூண்டுல உடைஞ்சு அழுவுது, நீதிபதி சுத்தியலால ஒரு தட்டு, ஆள் விடுதலை. நிஜத்துல இப்படியா நடக்கும்னு தேடப் போய்த்தான் அடுத்த ஆடியோ புக் கிடைச்சுது. மார்கலிட் ஃபாக்ஸ் 2018-ல எழுதின ‘கோனன் டாயில் ஃபார் தி டிஃபென்ஸ்’. நம்ம ஷெர்லாக் ஹோம்ஸை எழுதின ஆர்தர் கோனன் டாயிலேதான். அவர் ஒரு நிஜக் கொலை வழக்குல பல வருஷம் மல்லுக்கு நின்ன கதை. கேட்டு முடிச்சப்புறமும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்து வெச்சுக்கோங்க.

(தப்பான தீர்ப்புன்னாலே நமக்கு லட்சுமிகாந்தன் வழக்குதான் ஞாபகம் வரும். பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு. அதனால நான் கிளாஸ்கோவுக்குப் போயிடறேன்.)

1908, டிசம்பர் 21. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகரம், வெஸ்ட் பிரின்ஸஸ் தெரு. முதல் மாடி வீட்டுல மேரியன் கில்கிறிஸ்ட்னு ஒரு பாட்டி. வயசு 82. கல்யாணம் பண்ணிக்கலை. நல்ல வசதி. பாட்டிக்கு ஒரே ஒரு பைத்தியம், நகை. அந்தக் காலத்துலயே சுமார் 3000 பவுண்ட் மதிப்புள்ள நகைகளை வீட்டுல வெச்சிருந்தாங்க. பீரோவுல துணிகளுக்கு நடுவுல ஒளிச்சு வைப்பாங்களாம் (நம்ம ஊர் பாட்டிங்க அரிசி டப்பாவுக்குள்ள வைக்கிற மாதிரி). திருடன் பயம் ஜாஸ்தி. வாசக்கதவுக்கு ரெண்டு பூட்டு. கீழ் வீட்டு ஆதம்ஸ் குடும்பத்தோட ஒரு ஏற்பாடு வேற உண்டு. ஏதாவது ஆபத்துன்னா தரையைத் தட்டுவேன், ஓடி வாங்க.

அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணி. வேலைக்காரப் பொண்ணு ஹெலன் லாம்பி, வயசு 21, சாயங்காலப் பேப்பர் வாங்க வெளியே போறா. போயிட்டு வர பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல கீழ் வீட்டு ஆர்தர் ஆதம்ஸுக்கு மேலேருந்து தொம்முனு சத்தம், அப்புறம் தட்டற சத்தம். அவர் ஒரு இசைக் கலைஞர். மேலே ஓடிப் போய் மணி அடிக்கிறார், யாரும் திறக்கலை. உள்ளே விறகு பிளக்கிற மாதிரி சத்தம் கேக்குது. சரி, வேலைக்காரப் பொண்ணு அடுப்புக்குக் குச்சி உடைக்குதுன்னு நினைச்சுக் கீழே வந்துட்டார். அவரோட சகோதரிகளுக்கு மனசு கேக்கலை, திருப்பி அனுப்பறாங்க. ரெண்டாவது தடவை மேலே நிக்கும்போது லாம்பி பேப்பரோட வந்து சேர்றா. சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கறா.

உள்ளேருந்து ஒரு ஆள் நடந்து வர்றான். பதட்டமே இல்லை. விருந்தாளி கிளம்பற மாதிரி ரெண்டு பேரையும் தாண்டி வந்து, படிக்கட்டை அடைஞ்சதும் தலைதெறிக்க ஓடிட்டான். லாம்பி அவனைப் பார்த்து அலறலை, யார் நீன்னு கேக்கலை. நேரா சமையலறைக்குப் போய்ப் பார்த்துட்டு, படுக்கையறையைப் பார்த்துட்டு, கடைசியாத்தான் சாப்பாட்டு அறைக்குப் போறா. அங்கே பாட்டி கணப்புக்குப் பக்கத்துல தலை நசுங்கிக் கிடக்கறாங்க.

இந்த இடத்துல ஒரு பாஸ் பட்டனைத் தட்டிட்டு யோசிங்க. ரெண்டு பூட்டும் உடைக்கப்படலை, அப்போ பாட்டியே கதவைத் திறந்திருக்கணும். தெரிஞ்ச ஆளாத்தானே இருக்கும்? படுக்கையறையில மேஜை மேல நகை கண்ணுக்கு எதிரேயே இருந்துச்சு, அதைத் தொடலை. ஆனா ஒரு மரப்பெட்டி உடைக்கப்பட்டிருக்கு, உள்ளே இருந்த காகிதமெல்லாம் தரையில. காணாமப் போனது ஒரே ஒரு பிறை வடிவ வைர ப்ரோச்னு லாம்பி சொன்னா. நகைக்கு வந்தவன் நகையை விட்டுட்டுக் காகிதத்தை எதுக்குக் கிளறினான்? கோனன் டாயில் பின்னாடி கேட்டதும் இதைத்தான்.

போலீஸ் அதைக் கேக்கலை. அவங்க ப்ரோச்சைப் பிடிச்சுக்கிட்டாங்க.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு மெக்லீன்னு ஒரு சைக்கிள் வியாபாரி போலீஸ்கிட்ட வர்றார். அவர் சீட்டாடற கிளப்புல ஆஸ்கர்னு ஒரு வெளிநாட்டுக்காரன் வைரப் பிறை ப்ரோச்சோட அடகுச் சீட்டை விற்கப் பார்த்தான்னு சொல்றார். போலீஸ் அந்த ஆஸ்கர் வீட்டுக்குப் போனா, ஆள் கிளம்பிட்டான். லிவர்பூல் போய் 26-ஆம் தேதி லூசிடானியா கப்பல்ல நியூயார்க்குக்குப் பயணம், அதுவும் வேற பேர்ல. (1915-ல ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிச்சுதே, அதே லூசிடானியாதான்.) வெளிநாட்டுக்காரன், சூதாடி, பொய்ப்பேரு, கொலை நடந்த அஞ்சே நாள்ல நாட்டை விட்டு எஸ்கேப். இதுக்கு மேல என்ன வேணும்?

ஆஸ்கர் ஸ்லேட்டர். நிஜப்பேரு ஆஸ்கர் லெஷ்சினர். 1872-ல ஜெர்மனியோட சைலீசியா பகுதியில ஓப்பல்ன் ஊர்ல பிறந்த யூதர். சீட்டாட்டம், நகை வாங்கி விற்கறதுன்னு பொழப்பு. கூட வாழ்ந்தது கல்யாணம் ஆகாத ஒரு பிரெஞ்சுக்காரப் பொண்ணு. 1908-ல கிளாஸ்கோவோட கண்ணியமான குடும்பங்களுக்கு இவர்ல பிடிக்காத அம்சம் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணினா கை பத்தாது.

இப்போ முக்கியமான மேட்டர். அந்த அடகுச் சீட்டைப் போலீஸ் போய்ச் சரிபார்த்தாங்க. ப்ரோச் அடகுக்குப் போன தேதி 1908 நவம்பர் 18. கொலைக்கு ஒரு மாசத்துக்கு மேல முன்னாடி! பாட்டியோட ப்ரோச்சே இல்லை, ஸ்லேட்டரோட சொந்தச் சரக்கு. அவரைச் சந்தேகப்படறதுக்கு இருந்த ஒரே காரணம் அதுதான், அதுவும் அங்கேயே செத்துப் போச்சு. நியாயமாப் பார்த்தா ஃபைலை மூடிட்டு வேற பக்கம் பார்த்திருக்கணும். ஆனா அதுக்கு அப்புறம்தான் நியூயார்க்குக்குத் தந்தி போகுது, 200 பவுண்ட் பரிசு அறிவிப்பு வருது. 1909 ஜனவரி 2-ல கப்பல் கரை சேர்ந்ததும் ஸ்லேட்டரைக் கைது பண்ணிட்டாங்க.

இதைக் கேட்டப்போ நான் வண்டியில இருந்தேன். இயர்போனைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஏன்னா இது எனக்குத் தெரிஞ்ச கதை. ரெண்டு வருஷம் முன்னாடி, முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு ராத்திரி ப்ரொடக்‌ஷன் சர்வர் படுத்துடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் ஒரு கான்ட்ராக்ட் பையன் ஒரு சின்ன மாற்றத்தை ஏத்தியிருந்தான். டீம்ல புதுசு, யார்கிட்டயும் அதிகம் பேசமாட்டான், சாப்பாடும் தனியாத்தான். எல்லாரும் அவனைக் கை காட்டினாங்க. ஏன் படுத்துச்சுன்னு ரிப்போர்ட் எழுதினது நான்தான். எழுதி அனுப்பின மறுநாள் லாகை நிதானமாப் பார்த்தா, டிஸ்க் நிறைய ஆரம்பிச்சது அவன் மாற்றத்தை ஏத்தறதுக்கு நாப்பது நிமிஷம் முன்னாடி. மேனேஜர்கிட்ட சொன்னேன். “ரிப்போர்ட் க்ளையன்ட்டுக்குப் போயாச்சுப்பா, இப்போ எதுக்கு?”ன்னார். நானும் சரின்னு விட்டுட்டேன். அந்த மாசக் கடைசியில அவன் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கலை. அதுக்கு வேற காரணம் இருந்திருக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டது உண்டு.

சரி, கிளாஸ்கோவுக்குத் திரும்புவோம்.

ப்ரோச் போனா என்ன, கண்ணால பார்த்த சாட்சிகள் இருக்காங்களேன்னு போலீஸ் கிளம்பிச்சு. ஒருத்தி லாம்பி. இன்னொருத்தி மேரி பாரோமன்னு 14 வயசுப் பொண்ணு. ஒரு கடையில எடுபிடி வேலை. கொலை நடந்த வீட்டுலேருந்து ஓடி வந்த ஒருத்தன் தன்மேல இடிச்சுட்டுப் போனான்னு சொன்னவ. இந்த ரெண்டு பேரும் ஆரம்பத்துல சொன்ன அடையாளம் எவ்வளவு வித்தியாசம்னா, போலீஸே முதல்ல ரெண்டு வேற வேற ஆளுங்கன்னு நினைச்சாங்க. தொப்பி வேற, கோட் வேற. லாம்பி முகத்தையே பார்க்கலைன்னு சொன்னவ.

ரெண்டு பேரையும் கப்பல்ல நியூயார்க் கூட்டிட்டுப் போனாங்க. ஒரே கேபின்ல, பன்னெண்டு நாள் மாதிரி. வழியில கேஸைப் பத்திப் பேசவே இல்லைன்னு சாட்சி சொன்னாங்க (நம்பிட்டோம் :-)). அங்கே கோர்ட் வராந்தாவுல நிக்கும்போது போலீஸ்காரங்க நடுவுல ஸ்லேட்டரை நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க. சாட்சிகளுக்கு அடையாளம் தெரியாம இருக்குமா? முகத்தைப் பார்க்காத லாம்பி நடையை வெச்சு அடையாளம் காட்டினா. பாரோமன் ரொம்ப இவரை மாதிரி இருக்காருன்னா. கோர்ட்ல சாட்சி சொல்றதுக்குள்ள இந்த ‘மாதிரி’ எப்படியோ காணாமப் போய், ‘இவரேதான்’ ஆயிடுச்சு. பரிசுப் பணத்துல 100 பவுண்ட் அந்தப் பொண்ணுக்குத்தான் போச்சு.

அமெரிக்க வக்கீல் ஸ்லேட்டர்கிட்ட, இந்த சாட்சியத்தை வெச்சு உன்னை நாடு கடத்தறது கஷ்டம், இங்கேயே நின்னு சண்டை போடலாம்னு சொல்லியிருக்கார். ஸ்லேட்டர் கேக்கலை. நான் ஒண்ணும் பண்ணலை, நானே போறேன்னு தானா கிளம்பி வந்தார். கொலைகாரன் இப்படிப் பண்ணுவானான்னு யாராவது யோசிச்சாங்களான்னா, இல்லை.

கிளாஸ்கோவுல அடையாள அணிவகுப்பு. கறுத்த முடி, வெளிநாட்டுத் தோற்றம் உள்ள ஸ்லேட்டரை வரிசையில நிறுத்தி, கூட யாரை நிறுத்தினாங்க தெரியுமா? மஃப்டியில ஒன்பது ஸ்காட்லாந்துப் போலீஸ்காரங்க, ரெண்டு ரயில்வே ஊழியர்கள். போதாக்குறைக்குப் பேப்பர்ல ஸ்லேட்டர் படம் ஏற்கனவே வந்தாச்சு. இதுல தப்பான ஆளைக் காட்டினாத்தான் ஆச்சரியம்.

1909 மே 3. எடின்பரோ உயர் நீதிமன்றத்துல விசாரணை. நாலே நாள்தான். ஸ்காட்லாந்தோட தலைமை அரசு வழக்கறிஞர் அலெக்ஸாண்டர் யூர் நேரடியா வாதாடினார். ஜூரிக்கு முன்னாடி அவர் பேசின பேச்சுல பெரிய ஓட்டை ஒண்ணு. டிசம்பர் 25 பேப்பர்ல தன் பேரைப் பார்த்ததும்தான் ஸ்லேட்டர் ஓடினார்னு சொன்னார். அன்னிக்குப் பேப்பர்ல பேரே இல்லை, தேடப்படற ஆளோட அடையாளம்தான் இருந்துச்சு. தவிர, அமெரிக்கா போறதுன்னு பல வாரம் முன்னாடியே ஸ்லேட்டர் பேசிட்டிருந்தார். லிவர்பூல் ஹோட்டல்ல ‘ஆஸ்கர் ஸ்லேட்டர், கிளாஸ்கோ’ன்னு சொந்தப் பேர்லயே பதிவு பண்ணியிருக்கார். ஓடி ஒளியறவன் விலாசம் எழுதிக் குடுத்துட்டா ஓடுவான்?

ஆயுதம்னு காட்டினது அவர் பெட்டியிலேருந்து எடுத்த ஒரு சின்ன சுத்தியல். வீட்டு ஆணி அடிக்கிற சைஸ். உடலை முதல்ல பார்த்த டாக்டர், பக்கத்துல ரத்தக்கறையோட இருந்த நாற்காலியாலதான் அடிச்சிருக்கணும்னு நினைச்சார். அவரை அரசுத் தரப்பு சாட்சியாவே கூப்பிடலை. ஸ்லேட்டர் அந்த நேரம் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்னு அவர் கூட இருந்த பொண்ணும் வேலைக்காரியும் சொன்னாங்க. ‘அந்த மாதிரி’ பொண்ணுங்க சொல்றதை யார் கேக்கறது?

கடைசியா நீதிபதி கத்ரி பிரபு ஜூரிக்கு வழிகாட்டினார். சாதாரண மனுஷனுக்கு நிரபராதின்னு ஒரு அனுமானம் உண்டு, ஆனா இந்த மாதிரி வாழ்க்கை வாழறவனுக்கு அதே அளவு அனுமானம் கிடையாதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேசினார். எனக்குச் சட்டம் தெரியாது, படிச்சது இன்ஜினியரிங். ஆனா எனக்கே இது தூக்கி வாரிப் போட்டுச்சு. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஸ்காட்லாந்து ஜூரியில 15 பேர். அப்போ ஒருமித்த முடிவெல்லாம் வேண்டியதில்லை, சும்மா பெரும்பான்மை போதும்னு இருந்துச்சு. அதுல அப்போ மூணு விதமான தீர்ப்பு இருந்துச்சு: குற்றவாளி, நிரபராதி, நடுவுல ‘நாட் ப்ரூவன்’, அதாவது நிரூபணம் ஆகலை. அதுவும் விடுதலைதான், ஆனா ஒரு மாதிரி முகம் சுளிச்சுக்கிட்டே குடுக்கற விடுதலை. (இந்த வகைத் தீர்ப்பை ஒழிக்கிற சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025-லதான் நிறைவேத்திச்சு.) எழுபது நிமிஷம் பேசிட்டு ஜூரி திரும்பி வந்தாங்க. குற்றவாளின்னு 9 பேர். நிரூபணம் ஆகலைன்னு 5 பேர். நிரபராதின்னு ஒருத்தர். ரெண்டே ரெண்டு பேர் மாத்திச் சொல்லியிருந்தா ஸ்லேட்டர் அன்னிக்கு சாயங்காலமே ரயிலேறியிருப்பார்.

தூக்கு. தேதி மே 27.

தீர்ப்புல சந்தேகம் வந்த பொதுஜனம் சுமார் 20,000 பேர் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினாங்க. மே 25, தூக்குக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஆயுள் தண்டனையா மாத்தினாங்க. இந்த மாத்தலும் ஒரு வேடிக்கை. கொலை பண்ணினது நிச்சயம்னா அந்தக் காலத்துல தூக்கிலிட என்ன தயக்கம்? நிச்சயம் இல்லைன்னா எதுக்கு ஆயுள்? வடகிழக்குக் கடலோரத்துல பீட்டர்ஹெட் சிறை. வேலை, கருங்கல் உடைக்கிறது. ஸ்லேட்டருக்கு அப்போ வயசு 37.

கோனன் டாயில் இதுக்குள்ள வந்தது 1912-ல. அதுக்கு முன்னாடியே அவருக்கு இதுல அனுபவம் உண்டு. ஜார்ஜ் எடால்ஜின்னு ஒரு இளம் வக்கீல், அப்பா பம்பாயிலேருந்து போன பார்சி, அங்கே பாதிரியார் ஆனவர். மாடு, குதிரைகளை வெட்டினார்னு பொய்க் கேஸ்ல மாட்டி மூணு வருஷம் உள்ள இருந்தவருக்காக 1907-ல டாயில் எழுதித் தள்ளி மன்னிப்பு வாங்கிக் குடுத்தார். (அது தனிப் பதிவா எழுத வேண்டிய விஷயம்.) அந்தக் கேஸும் ஒரு காரணமாகி அதே வருஷம் இங்கிலாந்துல குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்துச்சு. கவனிங்க, இங்கிலாந்துல. ஸ்காட்லாந்துல வரலை. அதனால ஸ்லேட்டருக்கு அப்பீல்னு போக ஒரு கதவே கிடையாது.

டாயிலுக்கு ஸ்லேட்டரைத் துளிகூடப் பிடிக்காது. சூதாடி, ஒழுக்கம் கெட்டவன்னு வெளிப்படையாவே எழுதினார். ஆனா கொலைகாரன் இல்லைன்னு ‘தி கேஸ் ஆஃப் ஆஸ்கர் ஸ்லேட்டர்’னு ஒரு சின்னப் புத்தகம் போட்டு, மேலே நான் சொன்ன ஓட்டையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து வெச்சார். எனக்கு டாயில் மேல மரியாதை கூடினது இங்கேதான். பிடிச்சவனுக்காக நிக்கறது சுலபம்.

புத்தகத்தால ஒண்ணும் அசையலை.

அடுத்து வந்தவர்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தக் கதையோட ஹீரோ. ஜான் தாம்சன் ட்ரெஞ்ச், கிளாஸ்கோ போலீஸ்ல துப்பறியும் அதிகாரி. அரசரோட போலீஸ் பதக்கம் வாங்கினவர். ஆரம்பத்துலேருந்தே கேஸ்ல வேலை பார்த்தவருக்கு ஒரு விஷயம் நெஞ்சுல குத்திக்கிட்டே இருந்துச்சு. கொலை நடந்த ராத்திரியே லாம்பி, பாட்டியோட உறவுக்காரப் பெண்மணி வீட்டுக்கு ஓடிப் போய், அந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்னு ஒரு பேர் சொன்னாளாம். ஸ்லேட்டர் பேர் இல்லை, வேற பேர். ரெண்டு நாள் கழிச்சு அந்த உறவுக்காரப் பெண்மணிகிட்ட வாக்குமூலம் வாங்கினது ட்ரெஞ்ச்தான். மேலிடத்துல அதைக் கண்டுக்கலை. அந்தப் பேர் ஆவணங்கள்ல ‘ஏ.பி.’ன்னுதான் வரும்.

1914-ல ட்ரெஞ்ச் தைரியமா டேவிட் குக்னு ஒரு வக்கீல்கிட்ட இதைச் சொல்ல, அரசாங்கம் ஒரு விசாரணை வெச்சுது. எப்படிப்பட்ட விசாரணை? கதவைச் சாத்திக்கிட்டு. சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. ஸ்லேட்டர் தரப்புல ஆள் கிடையாது. லாம்பியும் அந்த உறவுக்காரப் பெண்மணியும் நாங்க அப்படிச் சொல்லவே இல்லைன்னுட்டாங்க. தீர்ப்புல மாத்த ஒண்ணும் இல்லைன்னு முடிச்சுட்டாங்க. ட்ரெஞ்சுக்கு வெளியாளுக்குத் தகவல் குடுத்த குத்தத்துக்காக டிஸ்மிஸ். பென்ஷன் அம்பேல். அதோட விடலை. அடுத்த வருஷம் ட்ரெஞ்ச், குக் ரெண்டு பேர் மேலயும் திருட்டு நகை வாங்கினதா ஒரு கேஸ். நீதிபதியே இதுல குற்றம்னு எதுவும் இல்லைன்னு விடுவிச்சுட்டார். ட்ரெஞ்ச் அதுக்குள்ள ராணுவத்துல சேர்ந்துட்டார். முதல் உலகப்போர்ல வேலை பார்த்துட்டு வந்து 1919-ல செத்துப் போனார். குக் 1921-ல. ரெண்டு பேரும் ஸ்லேட்டர் வெளியே வர்றதைப் பார்க்கலை.

நாப்பது நிமிஷ லாகைப் பார்த்துட்டு நான் விட்டுட்டேன்னு சொன்னேன் இல்ல? ட்ரெஞ்ச் கதையைக் கேட்டப்போதான் அது ரொம்ப உறைச்சுது. அவருக்குக் குடும்பம், குழந்தைங்க, பென்ஷன். எனக்கு ஒரு அப்ரைசல், அவ்வளவுதான்.

அப்புறம் பத்து வருஷம் ஒண்ணும் நடக்கலை. ஸ்லேட்டர் கல் உடைச்சுக்கிட்டு இருந்தார். 1925-ல பீட்டர்ஹெட்லேருந்து விடுதலையான வில்லியம் கார்டன்னு ஒரு கைதி, சோதனையெல்லாம் தாண்டி, ஒரு துண்டுக் காகிதத்தை மடிச்சு வாய்க்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்தார். ஸ்லேட்டர் எழுதினது. கோனன் டாயிலைப் பார்த்து எனக்காக இன்னொரு தடவை முயற்சி பண்ணச் சொல்லுன்னு செய்தி. ஹோம்ஸ் கதையில வந்தா கொஞ்சம் ஓவர்தான்னு சொல்லுவோம். நிஜத்துல நடந்துச்சு.

டாயில் மறுபடி கிளம்பினார். வில்லியம் பார்க்னு ஒரு பத்திரிகையாளர் வருஷக்கணக்கா சேர்த்த ஆதாரங்களை வெச்சு ‘தி ட்ரூத் அபௌட் ஆஸ்கர் ஸ்லேட்டர்’ புத்தகம் 1927 ஜூலையில வந்துச்சு. முன்னுரை டாயில். பத்திரிகைகள் பிடிச்சுக்கிச்சு. அமெரிக்காவுல செட்டிலாகியிருந்த லாம்பியை ஒரு பத்திரிகை தேடிப் பிடிச்சுது. நான் பார்த்தது எனக்குத் தெரிஞ்ச வேற ஆள், போலீஸ்தான் அப்படி இருக்க முடியாதுன்னு என்னை மாத்திட்டாங்கன்னு அவர் சொன்னதா அக்டோபர்ல வெளியாச்சு. அடுத்த மாசம் பாரோமன். நான் ‘அவர் மாதிரி’ன்னுதான் சொன்னேன், அரசு வழக்கறிஞர் ஆபீஸ்ல திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்து ‘அவரேதான்’னு ஆக்கிட்டாங்கன்னு அவங்களும் சொன்னாங்க. 14 வயசுல சொன்ன வார்த்தை. இப்போ அவங்க முப்பதைத் தாண்டினவங்க.

1927 நவம்பர் 14. ஸ்லேட்டரை வெளியே விட்டாங்க. தப்பு நடந்துச்சுன்னு சொல்லியா? அதெல்லாம் இல்லை. தண்டனை போதும்னு நினைக்கறோம், அவ்வளவுதான். உள்ளே போகும்போது 37, வெளியே வரும்போது 55. பதினெட்டரை வருஷம்.

ஸ்காட்லாந்துல மேல்முறையீட்டு நீதிமன்றம் 1926-லதான் வந்துச்சு. ஆனா அதுக்கு அப்புறம் தண்டனை வாங்கினவங்களுக்கு மட்டும். ஸ்லேட்டருக்காகவே தனியா ஒரு சட்டம் போட்டுக் கதவைத் திறந்தாங்க. 1928-ல அப்பீல். ஸ்லேட்டர் சாட்சி சொல்ல வேண்டாம்னு நீதிபதிகள் சொல்லிட்டாங்க. மனுஷன் கோவத்துல அப்பீலே வேண்டாம், வாபஸ் வாங்கறேன்னுட்டார். பதினெட்டு வருஷம் என் வாயால சொல்ல விடலை, இப்பவும் விடலைன்னா எப்படின்னு அவருக்கு. டாயிலுக்கு அவர் மேல செம கடுப்பு. ஒரு வழியா சமாதானப்படுத்தினாங்க.

ஜூலை 20-ல தீர்ப்பு. ஆடியோ புக் த்ரில்லர் கேட்டவங்க இங்கேதான் ஏமாந்து போவீங்க. சாட்சிகள் பொய்யா? அதனால தீர்ப்பை மாத்த முடியாது. புது ஆதாரம்? போதாது. ஜூரி முடிவு நியாயமில்லாததா? அப்படிச் சொல்ல முடியாது. கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, நீதிபதி கத்ரி ஜூரிக்கு ஸ்லேட்டரோட ஒழுக்கத்தைப் பத்திச் சொன்னது, அது சட்டப்படி தப்பான வழிகாட்டல். அந்த ஒரு டெக்னிக்கல் காரணத்துக்காகத் தீர்ப்பு ரத்து. அவர் கொலை பண்ணலைன்னு எந்தக் கோர்ட்டும் வாயைத் திறந்து சொல்லலை. சாட்சி சொல்ல வாங்கன்னு லாம்பியைக் கூப்பிட்டதுக்கு அவர் அமெரிக்காவை விட்டு வரவே மாட்டேன்னுட்டார். அந்த ஏ.பி. யாருன்னு புத்தகம் எழுதறவங்க ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எதுவும் நிரூபணம் ஆகலை.

நஷ்டஈடு 6000 பவுண்ட் குடுத்தாங்க. ஸ்லேட்டர் வாங்கிக்கிட்டார். அப்புறம் வந்துச்சு வினை. அப்பீல் செலவுக்கு டாயிலும் மத்தவங்களும் பணத்துக்குப் பொறுப்பு ஏத்திருந்தாங்க. நஷ்டஈட்டுலேருந்து அதைக் குடுத்துடுப்பான்னார் டாயில். தப்புப் பண்ணின அரசாங்கம்தான் கட்டணும், நான் எதுக்குக் கட்டணும்னார் ஸ்லேட்டர். பேப்பர்லயே ரெண்டு பேரும் சண்டை. பதினாறு வருஷம் ஒருத்தருக்காக எழுதினவரும், வாய்க்குள்ள மடிச்ச காகிதத்துல அவரைக் கூப்பிட்டவரும், சில நூறு பவுண்டுக்காக. எனக்கு ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கற மாதிரிதான் தெரியுது. கொஞ்சம் ஸ்லேட்டர் பக்கம் சாய்வேன். நன்றியோட இருன்னு அவர்கிட்ட எதிர்பார்க்கறது எனக்கு என்னவோ உவப்பா இல்லை.

டாயில் 1930-ல போயிட்டார். ஸ்லேட்டர் ஏர்னு ஒரு ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊர்ல குடியேறி, 1936-ல கல்யாணம் பண்ணிக்கிட்டார். இரண்டாம் உலகப்போர் வந்ததும், ஜெர்மனியில பிறந்தவர்னு ‘எதிரி நாட்டுக்காரர்’ கணக்குல கொஞ்ச நாள் மறுபடி அடைச்சு வெச்சாங்க. ஜெர்மனியில இருந்த அவரோட சகோதரிகளை நாஜிகள் கொன்னுட்டாங்க. 1948-ல ஏர்லயே செத்துப் போனார்.

டிஸ்கி: பதிவு போடறதுக்கு முன்னாடி அந்தக் கான்ட்ராக்ட் பையனுக்கு ஒரு மெயில் எழுதினேன். லாக்ல பார்த்ததை அப்படியே, நேரத்தோட. அனுப்பி மூணு நாள் ஆச்சு. பதில் வரலை.